கருவிகளும் நாங்களும்

மேல்நிலை இரண்டாம் ஆண்டு, இசைக்குழு மாணவியர்

'அமெச்சூர்' என்றொரு சொல் உண்டு. நம் ஊர்ப் பெரியவர்கள் அதை நாடகத்தோடு சேர்த்தே சொல்வார்கள். 1891ஆம் ஆண்டு பம்மல் சம்பந்த முதலியார் தம் நண்பர்களோடு சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபை அத்தகையது. பகலெல்லாம் அலுவல் பார்த்தவர்கள் மாலையில் அரிதாரம் பூசி மேடை ஏறினர். கூலிக்காக அல்ல, ஆசைக்காக. நாளடைவில் அச்சொல்லுக்கு 'அரைகுறை' என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. ஆயினும் அதன் வேர், இலத்தீன் மொழியில் 'அன்பு கொள்' என்னும் வினை என்று எங்கள் ஆங்கில ஆசிரியை ஒருநாள் வகுப்பில் விளக்கினார். அமெச்சூர் என்றால் அன்பு கொண்டவர்! இதை அறிந்த நாள் முதல் அந்தப் பட்டத்தை நாங்கள் மனமுவந்து சூடிக்கொண்டோம்.

அன்புத் தோழியரே! நாங்கள் ஐவர். வயலின் ஒருத்தி, புல்லாங்குழல் ஒருத்தி, மிருதங்கம் ஒருத்தி, வீணை ஒருத்தி, ஆர்மோனியம் ஒருத்தி. பெயரைச் சொல்லி அழைப்பதைவிடக் கருவியைச் சொல்லி அழைப்பதே எங்களுக்குள் வழக்கம். "குழல் வந்தாச்சா? மிருதங்கத்துக்கு இன்னிக்குக் கணக்கு டெஸ்டாம்" என்று நாங்கள் பேசிக்கொள்வதைக் கேட்டு, புதிதாய் வந்த காவலாளி அண்ணன் விழித்ததுண்டு. புதன், வெள்ளி ஆகிய இரு நாட்களிலும் கடைசி மணி அடித்த பிறகு, சிற்றாலயத்தின் பின்புறம் உள்ள இசை அறையில் கூடுவோம். பள்ளியின் பாதுகாவலர் விழா, ஆசிரியர் தினம், ஆண்டு விழா ஆகியவையே எங்கள் மேடைகள். வாசித்து முடித்தால் எலுமிச்சைச் சாறும் இரண்டு பிஸ்கட்டும் கிடைக்கும். அதற்கு மேல் எந்தச் சன்மானத்தையும் நாங்கள் கண்டதில்லை.

எங்களுள் ஒருவரும் விதுஷி அல்லர், ஆகப்போவதும் இல்லை. ஒருத்தி செவிலியர் படிப்புக்கும், ஒருத்தி பட்டயக் கணக்காளர் படிப்புக்கும் போக எண்ணியிருக்கிறாள். அப்படியானால் இந்தக் கருவிகள் எங்களுக்கு எதற்கு? இவை எங்களிடம் வந்தது எப்படி? பள்ளியை விட்டுச் சென்ற பின் இவற்றுக்கும் எங்களுக்கும் என்ன உறவு? இந்த ஓராண்டு முழுவதும் நாங்கள் பேசியது இதைப் பற்றித்தான். ஏனெனில் ஐவரில் நால்வருக்கே சொந்தக் கருவி உண்டு. ஐந்தாமவளுக்கு இல்லை. எங்களுள் மிகச் சிறப்பாக வாசிப்பவளும் அந்த ஐந்தாமவளே.

முதலில் வயலினைச் சொல்வோம். வயலின்காரியின் தந்தை மிதிவண்டிப் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். பாதியில் பாடத்தை நிறுத்திவிட்ட யாரோ ஒருவரிடமிருந்து, நான்காயிரம் ரூபாயை மூன்று தவணையில் கொடுத்து அதை வாங்கினார். பெட்டியைத் திறந்தபோது, வில்லுக்குத் தேய்க்கும் பிசின் பாதி தேய்ந்த நிலையில் உள்ளே கிடந்தது. முன்பு வைத்திருந்தவர் பாதியளவுதான் ஆசைப்பட்டார் போலும் என்று நாங்கள் சிரித்தோம். மீதிப் பாதியை இவள் ஒரே ஆண்டில் தேய்த்துத் தீர்த்தாள்.

வயலின் நம் நாட்டுக்கு ஐரோப்பியரோடு வந்த கருவி. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர், சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த காலத்தில் அதை மேனாட்டு முறையில் கற்று, நம் இசைக்குக் கொண்டுவந்தார் என்பது வரலாறு. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுக்கு, சுவாதித் திருநாள் மன்னர் 1834ஆம் ஆண்டு தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார். ஐரோப்பியர் நின்றுகொண்டு தோளில் தாங்கிய கருவியை நம்மவர் தரையில் அமர்ந்து, அதன் தலையை வலது கணுக்காலில் ஊன்றி வாசித்தனர். கருவியைத் தாங்கும் வேலை இல்லாததால் இடது கை தந்தியின் மீது தாராளமாக வழுக்கி ஓடும். கமகம் அப்போதுதான் வரும். வந்த விருந்தாளியை நம் வீட்டுத் தரையில் உட்காரவைத்த கதை இது! எங்கள் தோழியின் வயலின் தந்தம் அன்று. மெருகு போன வெறும் மரம். எனினும் அதன் பிருடை வழுக்கினால் சுண்ணக்கட்டித் தூள் தடவிச் சரிசெய்ய அவள் தந்தைக்குத் தெரியும். மிதிவண்டிச் சங்கிலியைச் சரிபார்க்கும் அதே கவனத்தோடு அவர் அதைச் செய்வார்.

புல்லாங்குழல் எல்லாவற்றிலும் எளியது. ஒரு மூங்கில் துண்டு. ஊதுவதற்கு ஒரு துளை. விரல்களுக்கு எட்டுத் துளைகள். கடைகளில் நாம் காணும் மற்றக் கருவிகளை நோக்க இதன் விலை மிகக் குறைவு. குழந்தையின் மழலையின் இனிமையைச் சொல்ல வந்த வள்ளுவரே குழலையும் யாழையும் அல்லவா ஒப்புக்கு எடுத்தார்! அக்காலத்து வீடுகளில் குழலோசை அவ்வளவு பழக்கமாயிருந்திருக்க வேண்டும். யாழ் மறைந்தது, குழல் இன்றும் இருக்கிறது. மலிவும் எளிமையும் ஒரு கருவிக்கு நீண்ட ஆயுளைத் தரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? சிக்கில் சகோதரிகள் என்று புகழ்பெற்ற குஞ்சுமணியும் நீலாவும் நம் தஞ்சைத் தரணியிலிருந்து இந்த மூங்கிலைத்தான் உலக மேடைகளுக்கு எடுத்துச் சென்றனர்.

ஆனால் குழலுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. துளை போட்டபோதே அதன் சுருதி முடிவாகிவிட்டது. நான்கு கட்டைக்கு ஒரு குழல், ஐந்து கட்டைக்கு வேறொரு குழல். எங்கள் தோழியிடம் இருப்பது ஐந்து கட்டைக் குழல் ஒன்றே. ஆகவே நாங்கள் அனைவரும் ஐந்து கட்டைக்காரர்கள் ஆனோம்! வயலினும் வீணையும் தந்தியை முறுக்கிக்கொள்ளும். மிருதங்கம் கல்லும் கட்டையும் கொண்டு தட்டிச் சற்றே ஏறும், இறங்கும். ஆர்மோனியமோ குழலைப் போலவே பிடிவாதக்காரி. பழைய பெட்டியாதலால் அதன் சுருதி குழலுக்கு மயிரிழை கீழே நிற்கும். இரண்டு பிடிவாதக்காரிகள் ஒரே அறையில் இருந்தால் என்ன ஆகும்? முதல் மாதம் முழுவதும் சண்டைதான். பிறகு குழல்காரியே ஒரு வழி கண்டாள். ஊதும் துளையைச் சற்று உதட்டை நோக்கித் திருப்பினால் சுருதி கொஞ்சம் இறங்கும். "போனாப் போகுது, நானே இறங்கி வரேன்" என்றாள். இறங்க முடிந்தவர் இறங்கி, இறங்க முடியாதவரோடு சேர்வதுதான் கூட்டிசை என்பதை நாங்கள் அன்று கற்றோம்.

மிருதங்கத்துக்கு வருவோம். பேருந்தில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறினால், "மூட்டையை ஓரமா வைம்மா" என்பார் நடத்துநர். உறவினர் வீடுகளிலோ வேறு கேள்வி. "பொம்பளைப் பிள்ளைக்கு வேற எதுவும் கிடைக்கலையா?" மிருதங்கக்காரி இதற்குக் கோபிப்பதில்லை. புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடம் பயின்று, பெண்கள் எவரும் அந்தக் கருவியை மேடையில் தொடாத காலத்தில் வாசித்த ரங்கநாயகி அம்மாளின் பெயரைச் சொல்வாள். கடம் வாசிக்கும் சுகன்யா ராம்கோபால் 1995ஆம் ஆண்டில் பெண்களை மட்டுமே கொண்டு 'ஸ்த்ரீ தாள் தரங்' என்ற தாளவாத்தியக் குழுவை அமைத்ததைச் சொல்வாள். சொல்லிவிட்டு, ரவையை நீர் விட்டுப் பிசைந்து தொப்பியின் நடுவில் அப்பத் தொடங்குவாள். அந்த மாவு இருந்தால்தான் இடப்பக்கம் ஆழ்ந்து முழங்கும். வாசித்து முடித்ததும் அதைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். வலந்தலையில் உள்ள கருப்பு வட்டமோ நிலையானது. சோறும் கிட்டக்கல் பொடியும் சேர்த்து அரைத்து, மெல்லிய பூச்சாகப் பூசித் தேய்த்து, மீண்டும் மீண்டும் பூசி அதை உருவாக்குகிறார்கள்.

சென்ற ஆகஸ்டு மாதம் அதன் வலந்தலை கிழிந்தது. வேறு தலை மாற்றுவதற்கு அவளோடு நாங்களும் பக்கத்து ஊருக்குச் சென்றோம். சாலையோர வீட்டின் தாழ்வாரத்தில் ஒரு முதியவரும் அவர் மகனும் வேலையில் இருந்தனர். தோல் நனைந்து கிடந்த தொட்டியின் வாடை முதலில் எங்களைத் தள்ளி நிற்க வைத்தது. சுவரில் வேளாங்கண்ணி மாதா படம். "யாரு வாசிக்கிறது?" என்று முதியவர் கேட்டார். "நான்தான் தாத்தா." அவர் வியக்கவில்லை, சிரிக்கவுமில்லை. "கையைக் காட்டு" என்றார். அவள் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மெல்லிசான கை. கனத்த தட்டு வச்சா வலிக்கும். ஒனக்கு ஏத்த மாதிரி போட்டுத் தரேன்" என்றார். அந்த மிருதங்கம் அன்றுதான் உண்மையில் அவளுடையதாயிற்று என்று நாங்கள் நினைக்கிறோம்.

பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோல் இல்லாமல் மிருதங்கம் இல்லை. அந்தத் தோலைத் தொட்டு வேலை செய்வோரின் பெயரோ மேடையில் சொல்லப்படுவதில்லை. பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020ஆம் ஆண்டு வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' என்னும் நூல் அவர்களைப் பற்றியது. தஞ்சாவூர்ச் செபாஸ்டியனும் அவர் வழிவந்தோரும் செய்த கருவிகளை வாசித்தே பெரும் வித்துவான்கள் புகழ் பெற்றனர். இக்கலைஞர்களுள் பலர் தலித் கிறிஸ்தவக் குடும்பத்தினர். நம் பள்ளியில் நம்மோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து படிப்பவர்களின் உற்றார் உறவினர்! இதை அறிந்த பிறகு, வாசிக்கத் தொடங்குமுன் கருவியைத் தொட்டு வணங்கும்போது அதைச் செய்த கையையும் நினைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம்.

இனி வீணை. அது வீணைக்காரியின் அப்பாயி, திருமணத்தின்போது பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. பலா மரத்தில் கடைந்த தஞ்சாவூர் வீணை. குடம், தண்டி, யாளி முகம் மூன்றையும் ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாண்ட வீணை; தனித்தனியே செய்து இணைத்தால் ஒட்டு வீணை. இது ஒட்டு வீணை. ஏழு தந்திகளுள் நான்கு மெட்டுகளின் மேல் ஓடும். மூன்று பக்கவாட்டில் நின்று தாளத்துக்கு ஒலிக்கும். இருபத்துநான்கு மெட்டுகளை நிலையாக அமைக்கும் இந்த முறை, பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் உருப்பெற்றது என்பர். 2013ஆம் ஆண்டு தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இத்தனை பெருமை உடைய கருவி, அவர்கள் வீட்டில் நாற்பது ஆண்டுகள் பழைய சேலை ஒன்றைப் போர்த்திக்கொண்டு அறையின் மூலையில் படுத்திருந்தது. மெட்டுகளைத் தாங்கும் மெழுகு காய்ந்து வெடித்துப்போயிருந்தது. தந்திகள் துருவேறியிருந்தன. தஞ்சாவூருக்கு எடுத்துச் சென்று, மெழுகை மாற்றி, மெட்டு மெட்டாகச் சுரம் பார்த்து மேளம் கட்டி வாங்கி வந்தார்கள். திரும்பி வந்த அன்று அப்பாயி அதன் அருகே அமர்ந்தார், வாசிக்கவில்லை. குடத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

நாங்கள் அவரிடம் கேட்டோம்: "ஏன் அப்பாயி வாசிக்கறதை நிறுத்திட்டீங்க?"

"நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லலடி கண்ணுகளா," என்றார் அவர். "வாசிக்க நேரம் இருக்கான்னும் யாரும் கேக்கல. அவ்வளவுதான்."

இந்த இரண்டு வாக்கியங்களை நாங்கள் மறக்கவே இல்லை. தடை என்றால் எதிர்த்துப் பேசலாம், கெஞ்சலாம், அழலாம். தடையே இல்லாமல் ஒரு கருவி மௌனமாகிவிட்டதே, அதை யாரிடம் முறையிடுவது? காலையில் சமையல், மாலையில் சமையல், இடையில் பிள்ளைகள், மாமனார், மாமியார், விருந்து, மருந்து. வீணை மட்டும் காத்திருந்தது. கருவி காத்திருந்தால் கெட்டுவிடும் என்பது அவருக்கும் அப்போது தெரியவில்லை. எங்கள் வீடுகளிலும் இப்படி ஒன்று நடக்காது என்பதற்கு என்ன உறுதி? செவிலியர் பணியில் இரவுமுறை உண்டு. கணக்காளருக்கு மார்ச்சு மாதம் உண்டு. மற்றபடி சமையல் எல்லாருக்கும் உண்டு!

இப்போது ஐந்தாமவள். ஆர்மோனியக்காரியின் தாய் தையல் வேலை செய்கிறார். ஒண்டுக் குடித்தனத்தில் ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும்தான் அவர்கள் வீடு. ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது, பாட்டு வகுப்பு எடுத்த வயதான அருட்சகோதரி ஒருவர் அவள் கையைப் பிடித்துக் கட்டைகளின் மேல் வைத்தார். அன்று தொடங்கி ஏழு ஆண்டுகளாக இந்தப் பள்ளி ஆர்மோனியம் ஒன்றே அவள் அறிந்த கருவி. வீட்டில் என்ன செய்வாள்? தையல் இயந்திரத்தின் மேசைப் பலகையில் விரல்களை ஓட்டிப் பழகுவாள். ஒலி இல்லாத அந்தப் பயிற்சியால்தானோ என்னவோ, அவள் விரல்களுக்கு ஐயமே வருவதில்லை.

ஆர்மோனியத்தின் கதையும் விந்தையானது. 1840களின் தொடக்கத்தில் பாரிசு நகரத்து அலெக்சாந்தர் தெபேன் அதை உருவாக்கினார். காலால் மிதித்துக் காற்றூட்டும் பெரிய பெட்டி அது. மேனாட்டு மறைப்பணியாளர்களோடு நம் நாட்டுக்கு வந்தது. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ், 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அதைத் தரையில் அமர்ந்து கையால் துருத்தி ஊதும் சிறு பெட்டியாக மாற்றினார். பிறகு அது போகாத இடமில்லை. கோயில் பஜனை, ஆலயப் பாடற்குழு, நாடக மேடை, பாட்டு வாத்தியார் வீடு என எங்கும் நுழைந்தது. ஆனால் அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டு அதற்குக் கதவை அடைத்தது. அயல்நாட்டுப் பெட்டி, சுரத்தை வளைக்கத் தெரியாது, கமகம் வராது என்பன குற்றச்சாட்டுகள். 1971ஆம் ஆண்டுதான் அந்தத் தடை தளரத் தொடங்கியது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வானொலி மறுத்த கருவியை அதுவரை காப்பாற்றியவர் யார்? பஜனைக்காரர்களும், பாடற்குழுவினரும், வீட்டில் மாலையில் பெட்டியைத் திறந்த குமாஸ்தாக்களும்தாம். எங்களைப் போன்ற அமெச்சூர்கள்!

எங்கள் பள்ளிப் பெட்டிக்கும் இவ்வாண்டு ஒரு சோதனை வந்தது. புதிய கீபோர்டு ஒன்று அன்பளிப்பாகக் கிடைத்தது. கீபோர்டை நாங்கள் குறைசொல்ல மாட்டோம். ஒரு பொத்தானைத் தட்டினால் சுருதி மாறும். துருத்தி ஊதும் கை வலிக்காது. ஆனால் அது வந்ததும், பழைய ஆர்மோனியம் உதவாப் பொருள்கள் பட்டியலில் ஏறிவிட்டது. உடைந்த பெஞ்சுகளுக்கும் துருப்பிடித்த மணிக்கும் நடுவில், 'ஆர்மோனியம் 1' என்று எழுதியிருந்ததை நாங்களே பார்த்தோம். துருத்தியில் ஓட்டை, இரண்டு கட்டைகள் ஊமை. உதவாப் பொருள்தான், மறுப்பதற்கில்லை.

தலைமையாசிரியை சிஸ்டரிடம் ஒரு வாரம் தவணை கேட்டோம். கொடுத்தார். ஆர்மோனியம் பழுதுபார்க்கும் ஒருவரை வயலின்காரியின் தந்தை தேடிக் கொண்டுவந்தார். அவர் மேற்பலகையைக் கழற்றியபோது நாங்கள் அனைவரும் எட்டிப் பார்த்தோம். உள்ளே வரிசை வரிசையாகப் பித்தளை நாக்குகள். துருத்தியிலிருந்து வரும் காற்று நாக்கைத் தள்ள, அது விலகி மீண்டு அதிர்வதே சுரம். நீளமான நாக்கு மந்தரம். குட்டை நாக்கு தாரம். நுனியைச் சிறிது சுரண்டினால் எடை குறைந்து சுருதி ஏறும். அடிப்பக்கம் சுரண்டினால் விறைப்பு குறைந்து சுருதி இறங்கும். இயற்பியல் பாடத்தில் நாங்கள் மனப்பாடம் செய்த அதிர்வெண், இதோ கண்ணெதிரே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஊமையான இரு கட்டைகளுக்கும் காரணம், நாக்கின் இடுக்கில் ஒட்டிக்கிடந்த தூசியும் செத்த பூச்சிகளும். "ஓயாம வாசிச்சா பூச்சி வராது. மூடி வச்சாத்தான் வரும்" என்றார் அவர். துருத்திக்குத் தோல் ஒட்டி, மூன்றாம் நாள் கொடுத்தார்.

சிஸ்டர் வந்து கேட்டார்கள். ஆர்மோனியக்காரி வாசித்தாள். ஒன்றும் பெரிய கச்சேரி இல்லை. காலை வழிபாட்டில் நாம் அனைவரும் நின்று பாடும் எளிய பாடல்தான். முடிந்ததும் சிஸ்டர் பட்டியலை வாங்கி, அந்த வரியைத் தம் கையாலேயே அடித்தார்கள். நாங்கள் கூத்தாடினோம். அவள் மட்டும் பேசாமல் உறையைப் போட்டாள். "பெட்டி தப்பிச்சுது. மார்ச்சுக்கு அப்புறம் நான்?" என்றாள். எங்களிடம் பதில் இல்லை. பள்ளிச் சொத்தை ஒரு மாணவிக்குக் கொடுத்துவிட முடியாதல்லவா?

அந்த வாரம் வரலாற்று ஆசிரியையிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவர் எங்களுக்கு இரு பெரியோரை நினைவூட்டினார். ஒருவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1826இல் பிறந்து 1889இல் மறைந்தவர், நம் சமயத்தவர். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை எழுதியவர் என்று பாடநூலில் படித்திருக்கிறோம். முன்சீபாக வழக்குகளுக்குத் தீர்ப்பு எழுதிய அதே கை, எல்லாச் சமயத்தாரும் பாடத்தக்க கீர்த்தனைகளையும் எழுதியது. பெண்கள் கற்கவேண்டும் என்றும் வாதாடியது. மற்றவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். தொழிலால் சித்த மருத்துவர். மருந்து விற்ற பணத்தைக் கொண்டு 1912 முதல் தஞ்சையில் இசை மாநாடுகள் கூட்டினார். 1916இல் பரோடாவில் நடந்த அனைத்திந்திய இசை மாநாட்டில் அவர் தம் கொள்கையை விளக்கியபோது, அவர் குடும்பத்துப் பெண்களே இசைத்துக் காட்டினர். மறு ஆண்டு 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். இருவருக்கும் இசை பிழைப்பன்று. இருவரும் பிழைப்பைக் காரணம் காட்டி இசையை மூடிவைக்கவும் இல்லை.

கதை கேட்ட உற்சாகத்தில் ஒரு வேலை செய்தோம். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒவ்வொரு வகுப்பாகச் சென்று, "உங்கள் வீட்டில் யாரும் வாசிக்காத கருவி இருக்கிறதா?" என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதினோம். வந்த கணக்கைக் கண்டு திகைத்தோம். வயலின் மூன்று; வீணை இரண்டு; ஆர்மோனியம் நான்கு; 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது ஆசையாய் வாங்கி, பள்ளி திறந்ததும் ஆணியில் மாட்டப்பட்ட கிதார் ஆறு; புல்புல்தாரா ஒன்று. தட்டெழுத்துப் பொறியைப் போல் விசை வைத்த அந்தக் கருவிக்கு மூலம், ஜப்பானில் 1912இல் தோன்றிய தைஷோகோட்டோ என்று பின்னர் படித்தறிந்தோம். ஆக மொத்தம் பதினாறு கருவிகள்! நம் ஒரு பள்ளியின் நான்கு வகுப்புகளில் மட்டும் பதினாறு மௌனங்கள்.

எல்லா வீடுகளிலும் வரவேற்பு கிடைத்தது என்று சொல்ல முடியாது. ஒரு வீட்டில், "அது சீரோட வந்த வீணை. வெளியே கொடுத்தா வீட்டு லட்சுமியே போன மாதிரி" என்றார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. தாய்வீட்டு நினைவாக ஒரு பெண்ணுக்கு எஞ்சியிருப்பது அதுவாகவும் இருக்கலாம். "வெளியே தர வேண்டாம் அத்தை, மெழுகு வெடிக்காம வாரம் ஒரு தரம் திறந்து பாருங்க" என்று மட்டும் வீணைக்காரி சொல்லி வந்தாள். நான்கு ஆர்மோனியங்களுள் இரண்டைக் கரையான் தின்றிருந்தது. ஒன்றின் துருத்தியை எலி கடித்திருந்தது. நான்காவது, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வீட்டில் இருந்தது. கிராமத்து நாடகங்களுக்கும் திருவிழாக்களுக்கும் வாசித்தவராம். அவர் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

அவர் மனைவி எங்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். ஆர்மோனியக்காரி பெட்டியைத் திறந்து ஒரு சுரத்தை அழுத்தினாள். உள்ளறையிலிருந்து அவர் மருமகள் ஓடி வந்து எட்டிப் பார்த்தார். அம்மூதாட்டி சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "விக்கிறதுக்கு எனக்கு மனசில்ல. சும்மாவும் கொடுக்க மாட்டேன்" என்றார். எங்கள் முகம் வாடியது. "எடுத்துட்டுப் போ. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு இங்க கொண்டாந்து ஒரு மணி நேரம் வாசிக்கணும். வாசிக்க முடியலன்னு தோணுற அன்னிக்குத் திருப்பிக் கொடுத்துடணும். சம்மதமா?" என்றார். சம்மதமா என்று கேட்க வேண்டுமா! பெட்டி கனம். பேருந்து நிறுத்தம் வரை ஆளுக்குப் பத்தடி தூக்கினோம்.

அந்த மூதாட்டியின் நிபந்தனையைத்தான் இப்போது நாங்கள் சட்டமாக வைத்திருக்கிறோம். கொடுக்க முன்வந்த வீடுகளின் கருவிகளை நோட்டில் பதிந்து, கற்க விரும்பும் மாணவியரிடம் ஒப்படைக்கிறோம். வாடகை இல்லை. ஒரு மாதம் தொடர்ந்து வாசிக்காவிட்டால் கருவி அடுத்தவள் கைக்குப் போய்விடும். உடையவர் கேட்ட அன்றே திருப்பித் தரவேண்டும். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் வயலினும், ஒன்பதாம் வகுப்பு மாணவியர் மூவரிடம் கிதார்களும் சென்றுள்ளன. புல்புல்தாராவுக்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை!

ஒரு கருவி யாருக்குச் சொந்தம்? பணம் கொடுத்தவருக்கா, சீராகப் பெற்றவருக்கா, செய்த கைக்கா, பதிவேட்டில் எழுதிவைத்த நிறுவனத்துக்கா? சட்டம் ஒரு விடை சொல்லும். கருவி சொல்லும் விடை வேறு. வாசிக்காவிட்டால் மெழுகு வெடிக்கிறது, தந்தி துருவேறுகிறது, நாக்கில் பூச்சி அடைகிறது. வாசிப்பவர் கையில்தான் அது கருவியாக இருக்கிறது. மற்றவர் கையில் மரமும் தோலும் பித்தளையுமாகத் திரும்பிப் போய்விடுகிறது. இதை எங்களுக்குச் சொன்னவர் எந்த வித்துவானும் அல்லர். பழுதுபார்க்க வந்தவரும், ஓர் அப்பாயியும், ஒரு தபால்காரர் மனைவியும்தாம்.

வரும் ஆண்டு நாங்கள் ஐவரும் ஐந்து ஊர்களில் இருப்போம். இரவுமுறை வரும், தேர்வு வரும், பின்பு குடும்பமும் வரும். 'வாசிக்க நேரம் இருக்கா?' என்று எவரும் எங்களைக் கேட்கப்போவதில்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே நாங்களே ஒருவரை ஒருவர் கேட்பது என்று பேசிவைத்திருக்கிறோம். ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை, கைப்பேசியில் ஒரே கேள்வி: 'இந்த மாதம் உறையைத் திறந்தாயா?'

தங்கைகளே, இசைக்குழுவின் நோட்டு இசை அறை அலமாரியில், மேல்தட்டில் இருக்கிறது. புதன், வெள்ளி மாலை 4.15க்கு அறை திறந்திருக்கும். உங்கள் வீட்டுப் பரணில் ஏதேனும் இருந்தால் வந்து எழுதுங்கள். ஒன்றுமே இல்லை என்றாலும் வாருங்கள். புல்புல்தாரா காத்திருக்கிறது.